சுவர் ஈரமும் சுவாச நோயும்

கேள்வி: மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டுச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்கிறது. குழந்தைகளுக்கு இதனால் கெடுதல் உண்டா?
— ஒரு வாசகி, முடிச்சூர்

பதில்: உண்டு, அம்மா. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்ததை அறிந்த தங்களுக்கு, வெள்ளம் வடிந்த பின்னும் சுவருக்குள் ஈரம் வெகுநாள் தங்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அவ்வீரத்தில் வளரும் பூஞ்சணத்தின் நுண்வித்துகள் சுவாசத்தின் வழியே உட்சென்று, தும்மல், இருமல், கண்ணெரிச்சல் முதலிய உபாதைகளை விளைவிப்பதோடு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை உக்கிரமாக்கவும் கூடும்.

பூஞ்சணத்தின் மேல் வெள்ளையடித்து மறைப்பது வியர்த்தம். மொட்டைமாடி விரிசல், குழாய்க் கசிவு ஆகிய மூலகாரணத்தை முதலில் அடைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே வர்ணம் பூசவேண்டும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு எழும். பீரோவைச் சுவரை ஒட்டி வைக்காமல் சற்று நகர்த்துங்கள்; ஈரத்துணிகளை அறைக்குள் உலர்த்தாதீர்கள்.

காற்றோட்டமும் அவசியம். 1928-இல் தாம்பரம் காசநோய் சானடோரியத்தைத் தோற்றுவித்த டாக்டர் டேவிட் சௌரி முத்து, சுத்தமான காற்றையே சிகிச்சையின் பிரதான அங்கமாகக் கொண்டவர். ஆகவே, மழை விட்ட வேளைகளில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். குழந்தைகளுக்கு இருமல் நீடித்தால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.