பெட்ரோல் எண்ணும் இஞ்சின் தட்டலும்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை வைத்திருக்கும் நம் அன்பர்களிடையே ஓர் அபிப்பிராயம் பரவலாக இருந்து வருகிறது. 97 என்று எண்ணிட்ட பெட்ரோல் 95ஐவிட வீரியமானது, அதை ஊற்றினால் வண்டி நன்றாக இழுக்கும் என்பதே அது. விலை கூடினால் சரக்கும் உயர்ந்தது என்று நினைப்பது வியாபாரிகளுக்கு இயல்புதான். ஆனால் இந்த எண் வீரியத்தைக் குறிப்பதன்று.

பின் எதைக் குறிக்கிறது? சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து பிஸ்டனால் நெருக்கப்படுகின்றன. தக்க தருணத்தில் பிளக் பொறி விட, தீ சீராகப் பரவ வேண்டும். சில வேளைகளில் தீ வந்து சேருமுன்பே, ஓரத்தில் நெருக்குண்டு சூடேறிய மிச்சக் கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. இரும்புத் தகட்டைச் சிறு சுத்தியால் தட்டினாற்போல ஓசை கேட்கும். பட்டறைக்காரர்கள் நாக்கிங் என்பது இதைத்தான். கடுமையாகத் தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். அப்படித் தானாக வெடிக்காமல் பொறுத்திருக்கும் தன்மையின் அளவே ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் 95 பங்கும் ஹெப்டேன் 5 பங்கும் சேர்ந்த கலவை எவ்வளவு பொறுக்குமோ, அவ்வளவு பொறுப்பது 95. இன்னும் சற்றே கூடுதலாகப் பொறுப்பது 97. (டீசல் லாரிக்காரர்களுக்கு இந்தப் பாடம் வேண்டாம். தானாகப் பற்றிக்கொள்வதே டீசலின் வேலை.)

பழைய வண்டிகளில் மெக்கானிக் காதால் கேட்டு, டிஸ்டிரிபியூட்டரைக் கையால் திருகிப் பொறியின் நேரத்தைச் சரிசெய்வார். நல்ல காதுள்ளவருக்குத் தனி மதிப்பிருந்தது. 1978இல் அமெரிக்காவின் பியூக் கம்பெனி அந்தக் காதை இஞ்சினிலேயே பொருத்திவிட்டது. இன்றைய கார்களில் இஞ்சின் உடலோடு ஓர் உணர்கருவி திருகப்பட்டிருக்கும். தட்டலின் அதிர்வை அது கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும். கம்ப்யூட்டர் உடனே பொறியைச் சில பாகை தாமதப்படுத்தும். தட்டல் நின்றதும் சிறிது சிறிதாகப் பழைய நேரத்துக்குத் திரும்பும். துணி மூட்டை ஏற்றிய வேன் கெந்திங் மேட்டில் ஏறும்போது, ஓட்டுகிறவர் அறியாமலேயே இது பலமுறை நடந்துவிடலாம்.

நம் பணப்பை சம்பந்தப்பட்ட இடம் இதுதான். 95க்கென வடிவமைத்த இஞ்சினில், பொறியை எவ்வளவு முன்னதாக விடலாம் என்பதற்குக் கம்ப்யூட்டருக்கு ஓர் எல்லை விதித்திருக்கிறார்கள். 95இலேயே அந்த எல்லையில் ஓடும் வண்டிக்கு 97 ஊற்றினாலும் அதற்கு மேல் போகாது. கடும் வெயிலிலும் பாரத்திலும் சிறிது பயன் தென்படலாம். கொடுத்த காசுக்கு அது ஈடாகாது. இஞ்சினைச் சுத்தம் செய்வது பெட்ரோலில் சேர்க்கும் மருந்து. ஆக்டேன் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 97 தேவை என்று எழுதியிருக்கும் வண்டிக்கு 95 ஊற்றினால் கம்ப்யூட்டர் இஞ்சினைக் காக்கப் பார்க்கும். இழுவை குறையும், எண்ணெயும் கூடுதலாகச் செலவாகும். தட்டிய பிறகே கேட்கும் காது அது என்பதால், அதை நம்பித் தினமும் அப்படி ஓட்டுவது சரியன்று. எந்த எண் என்பது எண்ணெய் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ இருக்கும்.

2009 செப்டம்பரில் இந்நாட்டில் 92 போய் 95 வந்தது. 2025 செப்டம்பர் 30இல் புடி 95 திட்டம் தொடங்கியபோது, குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை லிட்டர் 1 வெள்ளி 99 காசு. மானியமில்லாத 95க்கு 2 வெள்ளி 60 காசு. மானியம் 97க்குக் கிடையாது. இரண்டுக்கும் லிட்டருக்கு ஒரு வெள்ளியே வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 200 லிட்டர் ஊற்றும் வேனுக்கு ஆண்டில் 2,400 வெள்ளி போகிறது.

இன்னொன்று. கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டி சோர்ந்து போனால் உடனே எண்ணெயை மாற்றுகிறோம். அந்த உணர்கருவி பழுதானால், பெரும்பாலான வண்டிகளில் கம்ப்யூட்டர் பயந்து பொறியைத் தாமதமாகவே வைத்திருக்கும். அப்போது 97 ஊற்றினாலும் சோர்வு நீங்காது. டேஷ்போர்டில் இஞ்சின் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, பட்டறையில் முதலில் அந்தக் கருவியையும் அதன் கம்பியையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.