இழந்த கோப்புகளை மீட்டல்

கணினியிற் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவியபின், பல்லாண்டு சேர்த்த பாடக் குறிப்புகளையும் மறைந்த பெற்றோரின் நிழற்படங்களையும் காணாது கலங்குவார் பலர். ஆயினும், காணாமற் போனவை யாவும் அழிந்தவையல்ல.

நூலக அட்டவணையைக் கிழித்தெறிந்தால் நூல்கள் அழிவதில்லை. அவை இருக்குமிடமே தெரியாதொழியும். வன்றட்டை விரைவு முறையில் வடிவமைக்குங்கால் நிகழ்வதும் இதுவே. பழைய தரவின் மேற் புதியது எழுதப்படும்போதே அஃது உண்மையில் அழிகின்றது. ஆதலின், முதலிற் செய்யத்தக்கது அக்கணினியில் மேலும் எதனையும் எழுதாது நிறுத்துதலே.

வடிவமைக்காது விண்டோசை நிறுவியிருப்பின், சி தட்டில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்னும் கோப்புறையைத் திறந்து, அதனுள் 'யூசர்ஸ்' என்பதிற் தேடுக. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், மேம்படுத்தி 10 நாள் கழிந்தபின் அக்கோப்புறை தானே நீக்கப்படும், தாமதித்தலாகாது.

வடிவமைத்திருப்பின், வன்றட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பொருத்தி, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளாற் தேடுக. மீண்டவற்றைப் பிறிதொரு தட்டிலேயே சேமித்தல் வேண்டும். எஸ்.எஸ்.டி. வகைத் தட்டாயின், 'ட்ரிம்' என்னும் செயல் நீக்கிய இடத்தை விரைவில் வெறுமையாக்குதலால், மீட்சிக்கு வாய்ப்புக் குறைவு.

மாணாக்கரே, மீட்டலினும் காத்தல் எளிது. நிறுவுமுன் வேறொரு தட்டிற் படியெடுத்து, அப்படி செவ்வனே திறக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்க.