புத்தாண்டு மடல் எழுதும் தங்கைக்கு



மாத்தளையிலிருந்து பட்டப்படிப்புக்குப் போய், படித்த பல்கலைக்கழகத்திலேயே செய்திமடல் எழுதும் வேலையில் அமர்ந்திருக்கும் உங்களைப் போன்ற இளையவர்களுக்காக இந்தக் கடிதம். வருடம் பிறந்தால் முதல் வேலை புத்தாண்டு இதழ். உங்கள் மேசைக்கு என்னென்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: உபவேந்தரின் வாழ்த்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் செய்த புரிந்துணர்வு உடன்படிக்கை, அடிக்கல் நாட்டிய விடுதி, நாடா வெட்டிய ஆய்வுகூடம், குத்துவிளக்கு ஏற்றும் படங்கள் நாலைந்து. இவற்றை அடுக்கிப் பிழை திருத்தி அச்சுக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பார்கள். முடியவில்லை என்று நான் சொல்கிறேன். கையெழுத்தான அன்று ஓர் உடன்படிக்கையைப் பற்றி எழுத மிகக் கொஞ்சமே இருக்கிறது. அது யாரைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தது என்று தெரியும்போதுதான் அது செய்தியாகிறது. கட்டடத்துக்கும் இதே கணக்குத்தான். இந்த ஒரு கேள்வியை உங்கள் தொழிலின் நடுவில் வைத்துக்கொள்ளும்படி கேட்கவே எழுதுகிறேன்.

மாத்தளைக்காரராகிய உங்களிடம் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வரைபடத்தில் ஏ-9 வீதியை எடுத்துப் பாருங்கள். அது கண்டியில் தொடங்குகிறது, பக்கத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகம். வடக்கே போனால் மிகிந்தலையில் ரஜரட்டப் பல்கலைக்கழகம், அதற்கப்பால் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா, பிறகு அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள், கடைசியில் 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணம். ஒரே வீதியில் இத்தனை. நடுவில் மாத்தளை நகரமும் நாலந்தாவும் தம்புள்ளையும் இருக்கும் நீண்ட துண்டில் ஓர் அரச பல்கலைக்கழகமும் இல்லை. இந்த வீதிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வந்த காலத்தில் தலைமன்னாரில் இறங்கியவர்கள் காட்டு வழியாக நடந்து தம்புள்ளையைத் தாண்டி வந்துசேர்ந்த இடம் மாத்தளை. 2023 இல் மலையக மக்கள் வந்த இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து நடந்தவர்களும் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையில்தான் முடித்தார்கள். அப்படி நடந்து வந்தவர்களின் வழிவந்த பேத்தி இன்று றத்தோட்டைத் தோட்டமொன்றில் உயர்தரம் படிக்கிறாள் என்றால், உங்கள் புத்தாண்டு இதழின் வளர்ச்சிச் செய்தியில் அவளுக்கு ஒரு வரியாவது இருக்கிறதா? அந்த இதழை அவளுடைய இடத்திலிருந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அனுமதி விதியைப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிகிறது. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. அந்தப் பதினாறில் நுவரெலியா இருக்கிறது, பதுளை இருக்கிறது, இரத்தினபுரி இருக்கிறது. மாத்தளை இல்லை. ஒரே மாதிரி லயம், ஒரே மாதிரிப் பாடசாலை. ஆனால் நுவரெலியாவின் தோட்டப் பிள்ளைக்குக் கிடைக்கும் அந்தச் சிறிய கைகொடுப்பு கந்தேநுவரையிலும் எல்கடுவையிலும் உள்ள பிள்ளைக்கு இல்லை. அவள் மாவட்ட ஒதுக்கீட்டில் நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு அதே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிட வேண்டும். விஞ்ஞானப் பிரிவில் தமிழ்மொழியில் படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் நகரத்துக்குத்தான் வரவேண்டும். ஆகவே “எங்கள் பல்கலைக்கழகம் இவ்வருடம் கூடுதல் மாணவர்களைச் சேர்த்தது” என்ற வரி உங்கள் கையில் வரும்போது, கூடுதலாக வந்தவர்கள் எந்த மாவட்டம், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எந்தப் பாடசாலை என்று கேளுங்கள். மாத்தளையில் பிரதேச செயலகப் பிரிவுகள் பதினொன்று. மாவட்டத்தின் ஒரே எண்ணுக்குள் நகரமும் வில்கமுவவும் லக்கலையும் றத்தோட்டையும் கரைந்துபோகின்றன. கரைந்ததைப் பிரித்துக் காட்டுவது செய்தி எழுதுபவரின் வேலை.

கூட்டுறவு என்ற சொல்லுக்கு வருவோம். பேராதனையின் வரலாற்றில் மிகப் பெரிய கூட்டுறவுகள் எவை என்று யோசித்தால், அவற்றில் இரண்டுக்கு உடன்படிக்கைத் தாளே கிடையாது. அங்கே கற்பித்த எதிரிவீர சரச்சந்திர 1956 இல் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றியபோது, ‘நாடகம’ என்ற சிங்கள நாட்டார் அரங்கப் பாணியின் நுணுக்கத்தைக் கிராமத்துக் கலைஞர் சார்ல்ஸ் சில்வா குருன்னான்சேயிடமிருந்து பெற்றார். தமிழ்ப் பக்கத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் கூத்தாசிரியர்களான அண்ணாவிமாரின் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரோடு சேர்த்து வைத்தார். 1962 இல் ‘கர்ணன் போர்’, தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ வந்தன. விடிய விடிய வட்டக்களரியில் ஆடியது மேடைக்கேற்றபடி சுருங்கி வந்தது. அந்த ஆட்டத்தைப் பழகிய மாணவர்கள் பின்னால் ஈழத்து அரங்கின் ஆசிரியர்களானார்கள். சி. மௌனகுரு ஒருவரை நினைத்தாலே போதும். எழுத்தறிவு அதிகமில்லாதவர் என்று பட்டணம் ஒதுக்கியிருந்த அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்குள் குருவாக வந்தார், பல்கலைக்கழகம் அவரிடம் கற்றது. கூட்டுறவுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

இதையே மாத்தளையோடு வைத்துப் பாருங்கள். மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றி, வைக்கோல் தீயில் தப்பைக் காய்ச்சி, தோல் இறுகியதா என்று விரலால் தட்டிப் பார்த்து அடிக்கத் தொடங்கும் காமன் கூத்து மலையகத் தோட்டங்களின் சொத்து. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அப்படித்தான். மட்டக்களப்புக் கூத்துக்குக் கிடைத்த அளவு பல்கலைக்கழகக் கவனம் இவற்றுக்குக் கிடைக்கவில்லை. தோட்டத்தில் தப்பு அடிக்கும் முதியவர் ஒரு பீடத்தின் மண்டபத்தில் பயிற்சி கொடுக்க வந்தால், அந்தச் செய்தியை உங்கள் இதழின் எத்தனையாவது பக்கத்தில் போடுவீர்கள்? மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் அங்கே ஆராயப்படுகின்றன. விவசாய பீட மாணவர் ஒருவர் அங்கே போய் ஆறு மாதம் இருந்து, உக்குவளையின் வீட்டுத் தோட்டத்தில் மிளகுக் கொடி ஏன் வாடுகிறது என்று கண்டுபிடித்தால், அது தூரத்துப் பல்கலைக்கழகத்துடன் மாற்றிக்கொண்ட கோப்பைவிட எடை கூடிய கூட்டுறவு. கோப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. தாளோடு வந்த உதவியும் பலன் தந்திருக்கிறது. கொட்டகலை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி ஜெர்மனியின் உதவியோடு எழுந்தது. அதன் பெறுமதியை மலையகப் பாடசாலைகளில் இன்று கரும்பலகைக்கு முன் நிற்கும் ஆசிரியர்களை வைத்துத்தான் மதிப்பிடுகிறோம். திறப்புவிழாப் படத்தை யார் தேடுகிறார்கள்?

உங்களுக்கு மறுப்புகள் வரும். முதலாவது மறுப்பு அலுவலகத்துக்குள்ளிருந்தே வரும்: “இது பத்திரிகை அல்ல, நிறுவனத்தின் மடல், பெருமையைச் சொல்வதுதான் நம் வேலை.” பெருமை சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பெயரும் எண்ணும் இல்லாத பெருமையை யாரும் நம்புவதில்லை. உதவி கொடுப்பவர்கூடப் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்றுதான் கேட்கிறார். இரண்டாவது மறுப்பு கனமானது. மாவட்டம், மொழி என்று எண்ணத் தொடங்கினால் பழைய காயம் திறக்கும் என்பார்கள். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல் இந்த நாட்டில் என்ன செய்தது என்பதை அறிந்தவர் எவரும் அந்தப் பயத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் மாவட்டவாரியான அனுமதி எண்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தானே வெளியிடுகிறது. மறைவாக எதையும் தோண்டி எடுக்கச் சொல்லவில்லை. யாரும் வாசிக்காத அட்டவணையில் கிடக்கும் எண்ணை மக்கள் வாசிக்கும் தாளுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். காயத்தை ஆற வைப்பதும் தெளிவான கணக்குத்தான். வதந்திக்குத்தான் கணக்கு ஆகாது.

மூன்றாவது மறுப்பில் நியாயம் இருக்கிறது, அதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாமல் நின்ற பிறகு, ஒரு விடுதிக் கூரை முடிவதே சாதனை. அதைக் கொண்டாடாமல் கேள்வி கேட்கலாமா என்பது அந்த மறுப்பு. கொண்டாடலாம். முடிந்த கூரையைக் கொண்டாடுங்கள், அடிக்கல்லைக் கொண்டாட அவசரப்படாதீர்கள். அறிவிப்புக்கும் முடிவுக்கும் உள்ள தூரத்தை நம் வரலாறே காட்டும்: நாட்டின் முதல் பல்கலைக்கழகம் எங்கே அமைய வேண்டும் என்ற இடச் சண்டை 1920களிலேயே தொடங்கியது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் பிறந்து, பேராதனைக்குக் குடிபெயர்ந்தது 1952 இல். இடையில் ஒரு தலைமுறையே போய்விட்டது. ஐவர் ஜெனிங்ஸ் முதல் உபவேந்தராக இருந்து அந்த வளாகத்தை எழுப்பியதை இன்றும் பேசுகிறோம் என்றால், மாணவர் வந்து தங்கிய விடுதிகளும் நூலகமும் கண்ணெதிரே நிற்பதால்தான். அறிவித்த திகதியையும் முடிந்த திகதியையும் ஒரே வரியில் எழுதும் பழக்கம் உங்கள் மடலுக்கு வந்தால், வாசகர் உங்கள் அடுத்த அறிவிப்பையும் நம்புவார்.

திகதி என்றதும் இன்னொன்று. பல்கலைக்கழகத்தின் புத்தாண்டும் மாணவரின் புத்தாண்டும் ஒன்றாக வருவதில்லை. 2022 ஆம் வருட உயர்தரப் பரீட்சை 2023 தையில்தான் தொடங்கியது. 2023 இனுடையது 2024 தையில். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலைநாடு சரிந்தபோது உயர்தரப் பரீட்சை நடுவில் நின்றது. மிச்சப் பாடங்களைப் பிள்ளைகள் 2026 தையில் எழுதினார்கள். மண்சரிவுக்குப் பயந்து வீட்டைவிட்டு இடம்பெயர்ந்து, புத்தகமும் நனைந்துபோன பிள்ளைக்கு, “புதிய கல்வியாண்டில் புதிய உயரங்கள்” என்ற தலைப்பு என்ன சொல்லும்? அவளுக்கு வேண்டியது வகுப்பு எந்த மாதம் தொடங்கும், விடுதி எத்தனை பேருக்கு, உதவிப்பணம் எப்போது கையில் வரும் என்ற விபரம். மகாபொல புலமைப்பரிசிலின் மாதக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயாக உயர்ந்தது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில், அம்மா ஐந்தரை நாள் முழுப்பேர் (முழுநாள் வேலை) போட்டால் வரும் காசுக்குச் சமமாக இருந்தது அந்த உதவிப்பணம். இப்படி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால், நல்லெண்ணத் தலையங்கம் பத்து எழுதியதைவிட அதிகம் எழுதியவராவீர்கள். கொடுப்பனவு ஒரு மாதம் பிந்தினால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதும் விளங்கும்.

உங்கள் ஊரிலேயே எழுத்தைப் பற்றிய பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. மாத்தளை நகரைவிட்டு ஏ-9 வழியே சற்று வடக்கே போனால் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் துரத்திய காலத்தில், அதுவரை நாவிலும் நினைவிலும் மட்டுமே இருந்த திரிபிடகத்தைப் பௌத்தத் துறவிகள் அங்கே ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு. மனப்பாடம் செய்தவர் இறந்தால் நூலும் இறந்துவிடும் என்ற அச்சமே அவர்களை எழுத வைத்தது. ஏடு எழுதும் முறையும் பார்க்க வேண்டியது: தாளிப்பனை ஓலையை அவித்து உலர்த்தி, எழுத்தாணியால் கீறுகிறார்கள்; கீறியவுடன் எதுவும் சரியாகத் தெரியாது. எண்ணெயில் குழைத்த கரியைப் பூசித் துடைக்கும்போதுதான், மேலே பட்டதெல்லாம் போய்க் கீறலுக்குள் புகுந்த கரி மட்டும் எழுத்தாக நிற்கிறது. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கியபோது அந்த விகாரையின் ஏட்டுச் சேமிப்பும் அழிந்தது. எழுதியதே அழியும் ஊரில், எழுதாமல் விட்டது என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாத்தளையிலிருந்து இந்த வருடம் எந்தப் பாடசாலையின் முதல் பிள்ளை பல்கலைக்கழகம் போனாள் என்பதை நீங்கள் எழுதாவிட்டால், அதை எழுத வேறு ஆள் இல்லை.

ஆகவே தங்கை, இந்தப் புத்தாண்டு இதழில் ஒரு பக்கத்தை மட்டும் எனக்காக ஒதுக்குங்கள். போன வருட இதழை எடுத்து, அதில் அறிவித்த ஒவ்வொரு உடன்படிக்கைக்கும் கட்டடத்துக்கும் எதிரே இன்று அது எந்த நிலையில் இருக்கிறது, யார் பயன்பெற்றார் என்று எழுதுங்கள். நடக்காததை நடக்கவில்லை என்றே எழுதுங்கள். அந்தப் பக்கத்தின் தலையில் மாத்தளை மாவட்டத்திலிருந்து இம்முறை அனுமதி பெற்றவர்களின் எண்ணிக்கையைப் போடுங்கள். அதற்குக் கீழே, அவர்களில் தோட்டப் பாடசாலைகளிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று போடுங்கள்.