மேலே கரண்ட், கீழே கிழங்கு

தேயிலை மலையில் சவுக்கு மரமும் முருக்கு மரமும் ஏன் நிற்கின்றன? நிழலுக்குத்தான் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். உச்சி வெயில் முழுவதும் செடிக்குத் தேவையில்லை. ஓரளவுக்கு மேல் வரும் வெளிச்சத்தைச் செடியால் உணவாக்க முடியாது. அந்த மிச்ச வெயிலில் கரண்ட் எடுக்கலாமா? இந்த முறை அதைத்தான் படிக்கப் போகிறோம்.

இது என்ன முறை?

சூரியத் தகடுகளைத் தரையோடு நெருக்கமாகப் பரப்பினால் அங்கே பயிர் செய்ய முடியாது. உயரமான கால்களில், இடைவெளி விட்டு நிறுத்தினால் கீழே பயிரும் வளரும், மேலே கரண்டும் கிடைக்கும். ஜெர்மனி விஞ்ஞானிகளான அடோல்ஃப் கோட்ஸ்பெர்கரும் ஆர்மின் சாஸ்ட்ரோவும் 1981இல் இந்த யோசனையை எழுதினார்கள். கட்டுரைக்குத் தலைப்பே உருளைக்கிழங்கை வைத்துத்தான் போட்டார்கள்.

கணக்கைப் பார்ப்போம்

ஜெர்மனியின் ஹெகல்பாக் என்ற இடத்தில், ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலத்தில், 2016இல் சுமார் 16 அடி உயரத்தில் தகடுகளை நிறுத்தினார்கள். 2017இல் அதன் கீழே உருளைக்கிழங்கும் கோதுமையும் நூற்றுக்கு 18, 19 குறைந்தன. ஆனால் கரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நிலத்தின் மொத்தப் பயன் 160 வீதம். அதாவது தனித்தனியாகச் செய்திருந்தால் 1.6 ஏக்கர் தேவைப்படும் வேலை, ஒரு ஏக்கரில் முடிந்தது.

2018இல் அங்கே கடும் வெயில், மழையும் குறைவு. அந்த வருஷம் நிழலில் இருந்த கிழங்கு, வெளியே இருந்ததைவிட நூற்றுக்கு 11 கூடுதலாக விளைந்தது. நிழலில் மண் சீக்கிரம் காயவில்லை, பாருங்க.

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் செய்த பரிசோதனை 2019இல் வெளிவந்தது. நம்ம கொச்சி மிளகாய் மாதிரியான ஒரு சிறு மிளகாய், தகட்டின் கீழே 3 மடங்கு காய்த்தது. செடிகள் விடும் ஈரத்தால் தகடும் குளிர்ந்தது. சூடு குறைந்தால் தகடு கூடுதல் கரண்ட் தரும்.

நம்ம மலைக்குச் சரிவருமா?

அது பாலைவனம், நமக்கோ மழையும் பனிமூட்டமும். ஈரமும் நிழலும் கூடினால் தேயிலையில் கொப்புள நோய் பெருகும். அதனால்தான் மழைக்காலத்துக்கு முன் நிழல் மரத்தின் கிளைகளை வெட்டுகிறோம். தகட்டை அப்படி வெட்ட முடியாது. முருக்கு இலை விழுந்தால் மண்ணுக்குப் பசளை. தகட்டிலிருந்து எதுவும் விழாது. ஆகவே நிழல் மரத்துக்குப் பதில் தகடு என்று நினைக்கக்கூடாது. வெயில் கூடிய, சரிவு குறைந்த மரக்கறி நிலத்தில்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நாம் பயிர் செய்யும் துண்டு நிலம் பிள்ளைகளின் சோற்றுக்குக் கறி, கொப்பிக்குக் காசு. அதில் தகடு போட யாராவது கேட்டு வந்தால், தலையாட்டும் முன் நாம் இவற்றைக் கேட்போம்:

1. நிமிர்ந்து நின்று மம்பட்டி போட உயரம் இருக்குமா?
2. தகட்டிலிருந்து கொட்டும் மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் கான் வெட்டுவது யார்?
3. விளைச்சல் குறைந்தால் என்ன ஏற்பாடு? ஜப்பான் 2013இல் இந்த முறையை அனுமதித்தபோது, விளைச்சல் நூற்றுக்கு 20க்கு மேல் குறையக்கூடாது என்று நிபந்தனை போட்டது.
4. கரண்ட் காசில் நமக்கு எவ்வளவு? அது எழுத்தில் இருக்குமா?

ஓர் எச்சரிக்கை: வெயில் படும்வரை தகட்டில் கரண்ட் உண்டாகிக்கொண்டே இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் வயரைத் தொடக்கூடாது.

வீட்டில் செய்து பார்க்க

ஒரே பாத்தியில் சலாது நடுங்கள். பாதிக்கு மேல் நிழல் வலையைக் கட்டுங்கள், மறுபாதியைத் திறந்து விடுங்கள். இரண்டுக்கும் எத்தனை வாளி தண்ணீர், எத்தனை கிலோ அறுவடை என்று பிள்ளைகளைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். நம்ம மண்ணுக்கு நிழல் லாபமா நட்டமா என்பதை அந்தக் கொப்பியே சொல்லும். நாளைக்கு யாராவது நிலம் கேட்டு வந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.