சபையில் யார் இல்லை?

வடாலா, பம்பாய்.
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை.

அருமைப் பேத்திக்குத் தாத்தா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. உன் கடிதம் நேற்று மாலை வந்தது. மார்கழியில் தியாகராய நகர் கிருஷ்ண கான சபையில் கூடவிருக்கும் நாட்டிய கலா மாநாட்டுக்குப் போய் ஒவ்வொரு காலையும் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்று உன் ஆசிரியை சொல்லியிருப்பதையும், அதற்கு நீ முகம் சுளித்திருப்பதையும் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. சற்றே கவலையும் வந்தது. ஆட வந்தவள் ஆடிவிட்டுப் போகாமல், பல தேசத்துப் பண்டிதர்களும் ஆசிரியர்களும் பேசுவதைக் கேட்பதால் கால்களுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல எண்ணியே, தொலைபேசியை எடுக்காமல் காகிதத்தை எடுத்தேன்.

குழந்தாய், நீ ஆடுகிற ஆட்டத்தின் பெயரே ஒரு வாக்குவாதத்தின் வழியாக வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள். உன் கொள்ளுப்பாட்டி காலத்தில் அதைச் சதிர் என்றார்கள், சின்னமேளம் என்றார்கள். 1932 ஆம் ஆண்டு இறுதியில், அதை ஆடிவந்த தேவதாசிக் குடும்பங்களில் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தினால் சிறு பெண்களுக்கு நேர்ந்த அவலத்தைக் கண்டு மனம் நொந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒருபுறமும், வழக்கத்தின் குற்றத்தைக் கலையின்மேல் சுமத்தலாகாது என்று வாதாடிய வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயர் மறுபுறமும், பத்திரிகையில் கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் சென்னை மியூசிக் அகாடமி தன் டிசம்பர் மாநாட்டில் நாட்டியத்தை விவாதத்துக்கு எடுத்து, அதைப் பேணி வளர்க்கவேண்டும் என்று தீர்மானம் செய்தது. பரதநாட்டியம் என்ற பெயர் பொதுவழக்காக நிலைபெற்றது அந்த நாள்களின் விவாதங்களை ஒட்டித்தான். 1935 இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறியதும், மறு ஆண்டு அவருடைய கலாக்ஷேத்திரப் பள்ளி தோன்றியதும் அதன் பின்னர் நிகழ்ந்தவை. ஆகவே, பேச்சினால் ஆட்டத்திற்கு என்ன லாபம் என்று நீ கேட்கும்போது, அந்தப் பேச்சு நடந்திராவிட்டால் நீ இன்று கற்கிற பள்ளியே இருந்திருக்குமா என்று நான் திருப்பிக் கேட்கலாம்.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உனக்குப் பாதி உண்மையைச் சொன்னவன் ஆவேன். அந்தத் தீர்மானத்தை எழுதியவர்கள் கற்றவர்கள், கனவான்கள், கலையின்மேல் மெய்யான பற்றுள்ளவர்கள். எனினும், தலைமுறை தலைமுறையாக அந்த ஆட்டத்தைத் தங்கள் உடம்பில் சுமந்து வந்த பெண்கள் அல்லர். அப்பெண்கள் பேசத் தெரியாதவர்களும் அல்லர். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர் தங்கள் பக்க நியாயத்தை விண்ணப்பமாக எழுதி அரசாங்கத்துக்கே அனுப்பியிருந்தார்கள். எழுதியது போய்ச் சேர்ந்தது. எழுதியவர்களுக்குச் சபையில் ஆசனம் கிடைக்கவில்லை. 1947 இல் சட்டம் வந்து பொட்டுக்கட்டும் வழக்கம் நின்றது; நின்றது நன்று. ஆயினும் கலை ஒரு வீட்டுக்குப் போய், அதை வளர்த்தவர்களில் பலர் வேறொரு தெருவில் நின்றுவிட்டார்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

அதே அகாடமியில், தீர்மானத்துக்குப் பின் நாற்பத்தோரு ஆண்டுகள் கழித்து, 1973 இல், அப்பெண்களின் மரபிலேயே வந்தவரும், வீணை தனம்மாளின் பேத்தியும் கந்தப்பப் பிள்ளையின் சிஷ்யையுமான தஞ்சாவூர் பாலசரஸ்வதி சங்கீத கலாநிதி என்ற விருதைப் பெற்று மாநாட்டின் தலைமை ஆசனத்தில் அமர்ந்தார். இரண்டு ஆண்டுகள் சென்று தமிழிசைச் சங்கத்தின் மாநாட்டிலும் தலைமை உரை ஆற்றினார். நம்முடைய கச்சேரிக் கிரமம் கோயிலுக்குள் போவது போன்றது என்று அங்கே அவர் விளக்கினார்: அலாரிப்பு கோபுர வாசல், ஜதிஸ்வரமும் சப்தமும் மண்டபங்கள், வர்ணம் சந்நிதி. இந்த உவமை ஏட்டைப் புரட்டி எடுத்ததன்று. ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறிய நாள் தொட்டு அந்த வழியில் நடந்து நடந்து, எந்த இடத்தில் வெளிச்சம் குறையும், எந்த இடத்தில் காற்று குளிரும் என்று பாதத்தினால் அறிந்தவர் ஒருவரே அதைச் சொல்ல முடியும். சங்கீதக்காரர்கள் லட்சியம் என்றும் லட்சணம் என்றும் இரண்டு வார்த்தை சொல்லுவார்கள். லட்சியம் என்பது வழக்கில் உள்ள கலை, லட்சணம் என்பது அதன் இலக்கணம். மாநாடு என்பது இவ்விரண்டும் ஒரே பாயில் உட்காரும் இடம். ஒன்று மட்டும் வந்து மற்றொன்று வராவிட்டால், அது மாநாடு அன்று, பிரசங்கம்.

நம் நாட்டியத்தில் மட்டும் இப்படி நடந்ததென்று எண்ணாதே. 1958 இல் டில்லியில் சங்கீத நாடக அகாதெமி கூட்டிய நாட்டியக் கருத்தரங்கில் ஒரிஸ்ஸாவின் காளிசரண் பட்நாயக், ஒடிஸியும் தனித்த சாஸ்திரிய நடனமே என்று வாதாடினார். வாதத்தோடு விட்டுவிடாமல், அதை அடுத்துக் கட்டாக்கில் பங்கஜ் சரண் தாஸ், கேளுசரண் மகாபாத்ரா, தேவபிரசாத் தாஸ் போன்ற குருமார்கள் ஜயந்திகா என்ற பெயரில் ஒன்றுகூடி, தத்தம் வழியில் ஆடிக்காட்டி, இது இப்படி இருக்கட்டும், அது அப்படி இருக்கட்டும் என்று உருப்படிகளின் கிரமத்தை வகுத்தார்கள். குருமார்கள் பிணங்குவதும் இணங்குவதுமாகச் செய்த அந்த வேலையின் பலனைத்தான் இன்று உலகமெங்கும் ஒடிஸி என்று பார்க்கிறார்கள்.

இனி நம் ஊர்ச் சமாசாரத்துக்கு வருகிறேன். வடாலாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மாதுங்காவில், ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலா மந்திர் இருப்பது உனக்குத் தெரியும். சிறுமியாக இருந்தபோது அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தட்டுக்கழிச் சப்தம் கேட்டு நின்றவள்தானே நீ! திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் 1945 இல் இங்கே அதை நிறுவினார்கள். காவேரிக் கரையில் பிறந்த நட்டுவாங்க மரபு, ரயிலேறி வந்து, குஜராத்திப் பெண்ணுக்கும் மராட்டியப் பெண்ணுக்கும் தை-யா-தை சொல்லிக்கொடுத்தது. வந்த இடத்தில் அது அந்நியமாகவும் இல்லை. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி நிரூபணங்கள் என்ற நாட்டியப் பிரபந்தங்களை மராட்டி மொழியில் இயற்றியிருக்கிறார். நீ ஆடும் மார்க்கம் என்ற கச்சேரிக் கிரமத்தை வகுத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர்கள் நால்வரும் அந்த அரசவையைச் சேர்ந்தவர்களே. அந்த நிரூபணங்களைத் தேடி எடுத்து மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தவர் பம்பாயில் வாழ்ந்த மராட்டியரான ஆசார்ய பார்வதிகுமார். தஞ்சாவூர்க்காரர் பம்பாய்க்கு வந்து தமிழ் வர்ணம் கற்பித்தார். பம்பாய்க்காரர் தஞ்சாவூரின் மராட்டி ஏட்டைப் படித்து ஆடவைத்தார். இதைவிட நல்ல மாநாடு ஒன்று உண்டா? யாரும் அழைப்பிதழ் அச்சிடவில்லை, அவ்வளவுதான்.

அழைப்பிதழ் அச்சிட்டுக் கூடிய கூட்டமும் இந்த நகரத்தில் நடந்தது. 1984 ஜனவரியில், நரிமன் முனையில் உள்ள தேசிய நிகழ்கலை மையத்தில், மாக்ஸ் முல்லர் பவனைச் சேர்ந்த ஜெர்மானியர் கேயார்க் லெக்னர் முன்னின்று, கீழ்த்திசை மேல்திசை நாட்டியக்காரர்களை ஒன்றாகச் சந்திக்க வைத்தார். எனக்கு அங்கே போகக் கொடுத்துவைக்கவில்லை. துறைமுகத்துக் கணக்கு அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து சூசன்ன லிங்கே வந்தார். காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் கற்று, பின்பு மேடையை விட்டு நெடுங்காலம் விலகியிருந்த சந்திரலேகா, அங்கேதான் மறுபடியும் தம் படைப்புகளோடு வந்து நின்றார். மறு ஆண்டு அவர் படைத்த ‘ஆங்கிகம்’ பரதநாட்டியத்தையும் யோகாசனத்தையும் களரிப்பயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெய்வக் கதையோ நாயகி விரகமோ இல்லாமல், உடம்பு என்பது என்ன என்று விசாரித்தது. அதைப் போற்றியவர் உண்டு, பொறுக்காதவரும் உண்டு. என் அபிப்பிராயத்தில் இரண்டு தரப்பாருக்கும் அதனால் நன்மையே. மற்றொருவருடைய ஆட்டத்தை அருகில் பார்க்கும் வரையில், நமக்கு நம்முடைய ஆட்டம் மூச்சு விடுவது போல இயல்பாகத் தோன்றுகிறது. முதுகை வளைத்துத் தரையில் புரளும் ஒரு பெண்ணைப் பார்த்த பிறகுதான், நாம் ஏன் அரைமண்டியில் உட்கார்ந்து முதுகை நிமிர்த்தியே வைத்திருக்கிறோம் என்ற கேள்வி பிறக்கிறது. பாலசரஸ்வதி 1961 இல் டோக்கியோவில் நடந்த கீழ்-மேல் திசை இசைச் சந்திப்புக்குப் போய், பாஷை தெரியாத சபையின் முன் அபிநயம் செய்ததையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்.

நீ போகப்போகும் மாநாட்டையோ, 1981 இல் கிருஷ்ண கான சபையின் செயலாளர் யக்ஞராமன் தொடங்கினார். மாலையில் ஆட்டம் மட்டும் பார்த்துவிட்டுக் கலையும் ஊரில், காலையில் ஆட்டக்காரர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் ஆசிரியர்களையும் ஒரே கூரையின்கீழ் உட்காரவைத்துப் பேசச் செய்யவேண்டும் என்று ஒரு சபாக்காரருக்குத் தோன்றியது சாமானியமான காரியம் அன்று.

அங்கே எப்படி இருக்கவேண்டும் என்று சில வார்த்தைகள் சொல்லுகிறேன். கிழவன் சொல் என்று தள்ளாதே.

போகும்போது உன் உடம்பிலிருந்து எழுந்த கேள்வி ஒன்றைக் கொண்டு போ. புத்தகத்திலிருந்து எடுத்த கேள்விக்குப் புத்தகமே பதில் சொல்லிவிடும். மூன்றாம் காலத்தில் தட்டும்போது உன் இடது குதிகால் ஏன் பிந்துகிறது என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அதைக் கேட்டால் ஒரு நட்டுவனார் ஒரு பதிலும், உடற்கூறு அறிந்த ஆசிரியர் ஒருவர் வேறொரு பதிலும் சொல்லுவார்கள். அந்த இரண்டு பதிலுக்கும் நடுவில்தான் நீ கற்கவேண்டியது இருக்கிறது.

கேள்வி கேட்கும்போது கேள்வியை மட்டும் கேள். நான் வாலிபத்தில் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் தொடங்கிப் பரத முனிவர் வழியாக ஐந்து நிமிஷம் பேசிவிட்டு உட்கார்ந்தேன். மேடையில் இருந்த பெரியவர் மிக்க மரியாதையோடு, "ஐயா, தங்கள் கேள்வி என்னவோ?" என்றார். எனக்கே தெரியவில்லை. அன்று வீடு வரும் வரையில் காது சுட்டது.

லெக்-டெம் என்று சபாக்காரர்கள் சுருக்கிச் சொல்லும் செயல்முறை விளக்கத்தில், வாய் பேசுவதையும் உடம்பு செய்வதையும் ஒருங்கே கவனி. சிலருடைய வாய் ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும். அப்போது கையை நம்பு. வேற்று நாட்டார் யாரேனும் உன்னிடம் பேச வந்தால், நம் சொற்களை அவசரப்பட்டு மொழிபெயர்த்துக் கொடுத்துவிடாதே. பாவம் என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்: தமிழில் அது மேடையில் முகத்தில் தோன்றுவது, செய்தால் நரகத்துக்கு இழுப்பது, தெருவில் நனையும் நாய்க்குட்டியைப் பார்த்துப் பாட்டி சொல்லுவது, இம்மூன்றும் ஆகும். அதை ஒரே ஆங்கிலச் சொல்லில் அடைத்துக் கொடுத்தால், வாங்குகிறவர் பாவம்! ஆடிக் காட்டு, பிறகு சொல்லைச் சொல்லு.

சபைக் காண்டீனில் காபி குடிக்கும் நேரத்தை வீணென்று எண்ணாதே. மேடையில் சொல்லக் கூசியதை மனிதர்கள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுவார்கள். கேட்டதை அன்றிரவே எழுதி வை. மறுநாள் காலை அது உன் சொந்த அபிப்பிராயம் போல உருமாறியிருக்கும்.

கடைசியாக ஒன்று. அந்த மண்டபத்தில் உட்கார்ந்து, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு, யார் இல்லை என்றும் ஒரு முறை பார். நீ ஆடும் பதங்களைக் காத்துக் கொடுத்த குடும்பங்களின் பேத்திகள் இருக்கிறார்களா? கரகம் எடுப்பவர், தெருக்கூத்தில் அடவு கட்டுபவர், பறையடித்து ஆடுபவர் வந்திருக்கிறார்களா; வந்திருந்தால், ஆடிக் காட்ட மட்டும் அழைத்தார்களா, பேசவும் விட்டார்களா? இங்கே ஆஷாட ஏகாதசியன்று வடாலா விட்டோபா கோயில் வாசலில் ஜால்ராவைத் தட்டிக்கொண்டு குதித்து ஆடும் கிழவிகளை நீ என் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். அவர்களை எந்த மாநாடும் கூப்பிட்டதில்லை என்பதற்காக அவர்கள் ஆடாமல் இருந்துவிடவில்லை. ஆனால் அவர்களைக் கூப்பிடாத மாநாடு எதையோ கேட்காமல் கலைந்துவிடுகிறது.

கடைசி வரிசையில், யாரோடும் பேசாமல் விரல்களால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, முதியவர் ஒருவர் இருந்தாலும் இருப்பார். போய் நமஸ்காரம் செய்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எதற்குத் தலையசைத்தார், எதற்கு அசைக்கவில்லை என்று கேட்டு எனக்கு எழுது. கடிதமாகவே எழுது, தொலைபேசியில் சொன்னால் பாட்டி பாதியிலேயே பிடுங்கிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தாத்தா.