ஆடை வடிவமைப்போர்க்கு ஓர் அவை: நன்னூல் காட்டும் வழி

தமிழில் ஆடையைக் குறிக்கும் பெயர்களுள் பல, வெட்டுதல் என்னும் வினையினின்று பிறந்தவை. துணிக்கப்பட்டது துணி, துண்டிக்கப்பட்டது துண்டு, அறுக்கப்பட்டது அறுவை, கூறு செய்யப்பட்டது கூறை. வேட்டியை வெட்டு என்னும் அடியோடு இயைப்பாரும் உளர். வடமொழியினின்று வருவிப்பாரும் உளர். எவ்வாறாயினும், தறியினின்று அறுத்து அளவு கண்ட செயலையே பெயரிட்ட முன்னோர் மனத்திற் கொண்டனர் என்பது இச்சொற்களால் விளங்கும். ஆயின், அறுவையை விற்றவர்க்குக் கிடைத்த புகழ் அதனை வடிவுபடுத்தியவர்க்குக் கிட்டவில்லை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் துணி வணிகர் சங்கப் புலவர் வரிசையில் இடம்பெற்றுள்ளார். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கத்து மாந்தருள் காருகராகிய நெசவாளரையும் துன்னகாரராகிய தையற்கலைஞரையும் வைத்து எண்ணுகின்றது. அடியார்க்குநல்லார் தம் உரையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆடை வகைகளைப் பெயர் சுட்டி அடுக்குகின்றார். அவற்றுள் ஒன்றற்கேனும், இதனை முதலில் எண்ணி வடித்தவர் இன்னார் என்னும் குறிப்பு இல்லை.

அக்குறை இன்றும் நம்மிடையே நீங்கியபாடில்லை. ஆடை வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டோரும், கொள்ள விழைவோரும் ஒருங்கு கூடிக் கற்பதற்கு ஓர் அவை நம் பகுதிக்கு ஏன் வேண்டும், அஃது எவ்வாறு அமைதல் தகும் என்பதனை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். வேலை உண்டு என்பது போகப்போகப் புலனாகும்.

கொங்கும் ஆடையும்

நொய்யற்கரைக் கொடுமணல் அகழாய்வில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்துள்ளன. அத்தொன்மையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1910இல் இலட்சுமி ஆலை தோன்றியதும், 1930களில் பைகாரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகியதும் இவ்வூர்ப் பள்ளிச் சிறாரும் அறிந்தவை. சிங்காநல்லூரில் ஆலைச் சங்கொலி கேட்டே உலை வைத்த தலைமுறை ஒன்று இருந்தது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது ஓட்டம் நின்றன. அதன் பின்னர் அச்சங்கொலியின் நினைவு மட்டுமே எஞ்சிற்று எனலாம்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆலை முதலாளிகள் 1933இலேயே தென்னிந்திய ஆலையதிபர் சங்கம் கண்டனர். நெசவு ஆராய்ச்சிக்கென 1956இல் தென்னிந்திய நெசவு ஆராய்ச்சி மன்றம் கோவையில் அமைந்தது. திருப்பூர் ஏற்றுமதியாளர் 1990இல் சங்கம் அமைத்தனர். ஆலைத் தொழிலாளர்க்கும் சங்கங்கள் உண்டு. தையற்கலைஞர்க்கும் சங்கம் உண்டு. அது கூலியையும் நலவாரியத்தையும் பேசுவது. பேச வேண்டியதும் அதுவே. ஆனால் ஒரு சட்டையின் தோள் ஏன் இழுக்கிறது, ஒரு கையின் வளைவை எங்ஙனம் வெட்டினால் துணி மிச்சமாகும் என்று, முதியவரும் இளையவரும் ஓரிடத்து அமர்ந்து பேசும் கூட்டம் பெயர் சொல்லும்படியாக இல்லை.

காலும் காலும் அரையும்

நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வி பற்றிக் கூறுவன வியப்பிற்குரியன. நூல் என்னும் பெயர்க்குக் காரணம் காட்டுமிடத்துப் பவணந்தியார், பஞ்சினின்று இழை நூற்பவரின் தொழிலையே உவமையாக எடுத்துக்கொள்கின்றார். அதே பாயிரத்தில், மாணாக்கன் கல்வி நிரம்பும் அளவினைக் கணக்கிட்டும் காட்டுகின்றார். ஆசிரியர் சொல்வதைச் செம்மையாகக் கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது கால்பங்கு. தன்னோடு அத்தொழிலைப் பயில்வாரொடு பழகுவதால் வருவது மற்றொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். 13ஆம் நூற்றாண்டில் எழுதிய இலக்கண ஆசிரியர், ஆசிரியர்க்கு ஒதுக்கியது காலே காலென்பதை வகுப்பில் கூறும்போதெல்லாம் மாணவியர் மகிழ்வர். நாம் சற்று நாணுவோம்.

இக்கணக்கைத் தையற்கடையில் வைத்துப் பார்ப்போம். கடையில் புதிதாகச் சேரும் சிறுவனைக் காஜா பையன் என்பர். காஜா என்பது போர்ச்சுக்கீசிய மொழியில் பொத்தான் துளைக்கு வழங்கும் ‘காசா’ என்னும் சொல்லின் திரிபு. அச்சொல்லுக்கு வீடு என்பது பொருள். பொத்தான் குடியிருக்கும் வீடு! பொத்தானும் அம்மொழி தந்ததே. கொக்கி கட்டுதல், காஜா எடுத்தல், ஓரம் மடித்துத் தைத்தல், இஸ்திரி போடுதல் எனச் சில ஆண்டுகள் கழியும். பின்னர்ப் பொறியில் அமர்வான். வெட்டுதல் மட்டும் எளிதில் கைக்கு வாராது. சுண்ணக்கட்டியால் கோடிட்டு மாஸ்டர் கத்தரியை எடுக்கும் வேளையிற்றான் பையன் தேநீர் வாங்க அனுப்பப்படுவான் என்பது தொழிலாளரிடையே வழங்கும் கேலி. கேலியாயினும் பொய்யன்று. இவனுக்குத் தோழரொடு பயிலும் காற்பங்கு நிறையக் கிட்டுகிறது. ஆசிரியர் தரும் காற்பங்கு மறைக்கப்படுகிறது.

கல்லூரியில் ஆடை வடிவமைப்புப் பட்டம் பெறுவோர் நிலை இதற்கு நேர்மாறானது. ஆசிரியர் தரும் காற்பங்கு அவர்க்குக் குறைவின்றி உண்டு. வண்ணக் கோட்பாடு, பாரிசு நகரத்து ஆடை வரலாறு, கணினியில் வரையும் திறம் அனைத்தும் அறிவர். ஆனால் பின்னலாடைத் துணியைச் சுருளினின்று பிரித்தவுடன் வெட்டலாகாது, இழுவிசை நீங்கும்வரை விரித்து ஆறப்போட வேண்டும், இல்லையேல் தைத்தபின் அளவு குறையும் என்பதனைத் தொழிற்சாலையின் வெட்டுமேசையருகே நின்றால்தான் உணர்வர். எம் பகுதியில் இப்பட்டம் பெற்ற பெண்ணொருத்தி, இரண்டாண்டு ஒரு நிறுவனத்தில் வெளிநாட்டார் அனுப்பிய அளவுகளைக் கணினியில் ஏற்றும் பணி செய்தாள். திருமணத்திற்குப் பின் வீட்டிலேயே இரவிக்கை தைத்துக் கொடுக்கின்றாள். அவள் வரைந்த வடிவங்கள் பட்டப்படிப்பின் கோப்பில் உறங்குகின்றன. அவ்வடிவங்களுள் சில உண்மையிலேயே அழகியவை. அவற்றைப் பார்த்து, ‘இந்தக் கழுத்து நிற்காது, இப்படி மாற்று’ என்று சொல்லும் அனுபவசாலி ஒருவரை அவள் இதுகாறும் சந்திக்கவில்லை. அத்தகையவர் அவள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் கடை வைத்திருக்கின்றார்.

சொல்லால் வந்த சுவர்

இவ்விருவரையும் பிரிப்பது செல்வமோ சாதியோ மட்டுமன்று, சொல்லும் ஆகும். திருப்பூர் இதற்குத் தக்க சான்று. கல்கத்தாவிலிருந்து பின்னற்பொறியைக் கொணர்ந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிய பனியன் தொழில், 1978ஆம் ஆண்டளவில் இத்தாலிய வணிகர் வந்தபின் ஏற்றுமதித் தொழிலாயிற்று. ஷரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட நூலில், உழவரும் தொழிலாளருமாக இருந்தோர் தம் உழைப்பையே முதலாகக் காட்டி முதலாளிகளான வரலாற்றை விரித்துள்ளார். கைமடியாகச் சேர்ந்து, தையற்காரராகி, பின் கட்டிங் மாஸ்டராகி, இறுதியில் நிறுவனம் கண்டோர் அங்குப் பலர். அவர்கள் கற்ற கல்வி கையாற் கற்றது. அதன் சொற்கள் கைமடி, காஜா, பட்டி, டாட், கட்டோரி என்பன. 1997இல் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் ஆடை வடிவமைப்புக் கல்லூரி அவ்வூரிலேயே எழுந்தது. அத்தகைய கல்லூரிகளில் பயில்வோரின் சொற்கள் முற்றும் ஆங்கிலம். கல்லூரியில் ஸ்டெம் ஸ்டிச் என்று கற்றவள், பழைய தையற்பாட நூலில் அதற்குக் காம்புத் தையல் என்னும் அழகிய பெயர் உண்டென்பதை அறியாள். கட்டோரி என்று நாள்தோறும் சொல்லும் மாஸ்டர், அஃது இந்தியில் கிண்ணம் என்று பொருள்படுவதை அறியார். இருவர் கையிலும் இருப்பது ஒரே துணி. ஆயினும் ஒருவர் சொல்வது மற்றவர்க்கு எட்டாமையால், இவள் அவரைப் படியாதவர் என்கின்றாள். அவர் இவளைக் கை வராதவள் என்கின்றார்.

முன்னோர் கண்ட கூட்டங்கள்

மேற்கு மாளவத்து மந்தசோர்க் கல்வெட்டு இங்கு நினையத்தக்கது. இலாட நாட்டினின்று, அதாவது இன்றைய தென்குசராத்தினின்று, தசபுரம் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு, கி.பி. 436இல் கதிரவனுக்குக் கோயில் எடுத்தது. 473இல் அதனைப் புதுப்பித்தது. அச்செய்தியைக் கல்லிற் பொறிக்க வத்சபட்டி என்னும் புலவரையும் அமர்த்தியது. அக்குழுவினருள் சிலர் வில்வித்தையும், சிலர் கதை சொல்லும் கலையும், சிலர் சோதிடமும் கற்றனர் எனக் கல்வெட்டு பெருமிதம் கொள்கின்றது. பிழைக்க வந்த ஊரில் தனித்தனியே நின்றிருந்தால் அவர்கள் பெயரும் ஆடைகளோடு கந்தலாகியிருக்கும். தம் புகழைச் சொல்லப் புலவன் ஒருவனைத் துணைகொண்டதைத் தமிழ்த்துறையினர் சிறப்பாகக் குறித்துக்கொள்ளுதல் நன்று.

நம் காலத்தில் இதற்கு நிகரான முயற்சி, புபுல் ஜெயகர் முன்னின்ற நெசவாளர் சேவை மையங்கள். 1950களில் தொடங்கிய இம்மையங்களில், ஓவியக் கல்லூரியிற் பயின்றோரும் தறியில் வளர்ந்தோரும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றினர். சிற்றிதழ் வாசகர் நன்கறிந்த ஓவியர் ஆதிமூலம், டிராட்ஸ்கி மருது ஆகியோர் அங்கு வடிவமைப்புப் பணி புரிந்தவர்கள் என்பது பலர் அறியாத செய்தி. ஓவியன் தாளில் இழுத்த கோடு பாவிலும் ஊடையிலும் எவ்வாறு படிப்படியாக உடைந்து ஏறுகின்றது என்பதனைத் தறிகாரர் காட்டுவார். எந்த நிறத்தருகே எந்த நிறம் மங்கும் என்பதனை ஓவியர் காட்டுவார். பவணந்தியார் கூறிய மூன்று பங்கும் அங்கு ஓரளவு கூடின. ஆனால் அஃது அரசு அமைத்தது, நெசவுக்கு அமைத்தது. வெட்டுவோர்க்கும் தைப்போர்க்கும் அதனையொத்தது வாய்க்கவில்லை.

பாரிசில் ஆடை வடிவமைப்போர் 1868இல் சங்கம் கண்டு, 1927இல் அதன் சார்பில் பள்ளியும் தொடங்கினர். தில்லியில் 1998இல் இந்திய ஆடை வடிவமைப்போர் மன்றம் எழுந்தது. அவை பெயர் பெற்றோரின் அவைகள். பெயர் பெற விழைவோர்க்கு அங்கே பார்வையாளர் இருக்கையே பெரும்பாலும் கிடைக்கும்.

அச்சமும் அதற்கு விடையும்

அவை கூட்டலாம் என்றால், அனுபவமுடையோர் உடனே எழுப்பும் தடை ஒன்றுண்டு. ‘வெட்டும் முறையைக் காட்டினால் நாளையே எதிர்க்கடையில் அது தொங்கும்’ என்பர். இவ்வச்சத்தைச் சிறுமையென்று தள்ளுதல் தகாது. அவர்க்கு அதுவே சோறு. சட்டம் இதற்கு ஓரளவு காப்பளிக்கிறது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்த புதிய வடிவத்திற்குப் பத்தாண்டும், புதுப்பித்தால் மேலும் ஐந்தாண்டும் உரிமை உண்டு. பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் ஐம்பதுக்கு மேற்பட்ட படிகள் செய்துவிட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் காப்பும் நின்றுவிடும். இங்கொரு நுட்பம் உண்டு. விண்ணப்பிக்குமுன் பொதுவில் வெளிப்படுத்திய வடிவம் புதுமை இழந்ததாகக் கருதப்படும். நம்பிக்கையின்பேரில் மறைவாகக் காட்டியதை அவ்வாறு கருதலாகாது. எனவே அவையில் புதுவடிவம் காட்டுதல் உறுப்பினர்க்குள் மட்டும், எழுத்து உறுதிமொழியோடு நிகழ வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்தல் கூடாது. இதுவன்றி, வெட்டும் முறையின் அடிப்படைகள் எவர்க்கும் தனியுடைமை அல்ல என்பதனையும் மாஸ்டர்கள் ஒப்புவர் என்று நம்புகிறேன். மறைத்து வைத்த கலைகள் மறைத்தவரோடு மண்ணுக்குள் சென்றதைச் சித்த மருத்துவச் சுவடிகளின் வரலாறு நமக்குச் சொல்லும்.

சிங்காநல்லூரில் தொடங்குவதானால்

பெரிய கட்டடம் வேண்டா. ஒரு பள்ளி வகுப்பறை, நீண்ட மேசை ஒன்று, பழைய செய்தித்தாள் கட்டு, இரண்டு தையற்பொறி போதும். மாதம் ஒருமுறை கூடலாம். ஞாயிறு மாலை வைத்தால் கடைக்காரர் வருவர். ஆனால் வீட்டில் தைக்கும் பெண்டிர் வாரார். பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணிவரை என்றால் பெண்டிர் வருவர். கடைக்காரர்க்கு உணவு வேளையும் அதனுள் அடங்கும். முகூர்த்த மாதங்களிலும் பண்டிகைக்கு முந்திய மாதத்திலும் எவரும் வாரார். அம்மாதங்களை விட்டுவிடுதலே அறிவுடைமை.

வருவோர் ஒவ்வொருவரும் ஒரு தடவையேனும் கற்பிப்பவராக நிற்றல் வேண்டும் என்பதே தலையாய விதி. மாஸ்டர் தோள் சரிவை வெட்டிக் காட்டட்டும். பட்டதாரிப் பெண் அளவுகளைக் கணினியில் பெருக்கிக் குறைக்கும் முறையைக் காட்டட்டும். காஜா பையன் நூல் சிக்காமல் காஜா எடுப்பதைக் காட்டட்டும். பதினாறு வயதுச் சிறுவன் ஐம்பது வயதினர்க்கு எடுத்துரைக்கும் அக்கணத்தில் அவனுக்குக் கிட்டுவது அந்த அரைப்பங்கு. அவனுக்கு அதனை வேறு எவ்விடத்தும் நாம் தர இயலாது. செய்தித்தாளில் வெட்டிய வடிவங்களில் வெட்டியவர் பெயரும் நாளும் எழுதி வைத்தல் வேண்டும். ஆடையை எண்ணி வடித்தவர் பெயர் இல்லாத குறை அங்கேனும் தீரும்.

தமிழ்த்துறையின் பங்கு இவ்விடத்தில் வருகின்றது. ஒவ்வொரு கூட்டத்திற்கும் நம் மாணவியர் இருவர் குறிப்பேட்டோடு செல்லலாம். ஓர் இரவிக்கையின் முன்பாகத்தை மேசைமேல் விரித்து, இதனை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று ஒவ்வொருவரையும் வினவலாம். மாஸ்டரின் சொல், கல்லூரியின் சொல், வீட்டுத் தையற்காரியின் சொல், பழைய பாடநூலின் சொல் என நான்கு நிரல் இட்டு எழுதலாம். எது சரி என்று அப்போதே தீர்ப்பளிக்க வேண்டா. தூய தமிழாக்கும் ஆர்வத்தில் கட்டோரியைக் கிண்ணம் என மாற்றி எழுதிவிடவும் வேண்டா. வழங்கும் சொல் வழங்கியவாறே முதலில் ஏட்டில் ஏறட்டும். கைமடி, பட்டி, காம்புத் தையல், டாட், காஜா என ஓராண்டில் சில நூறு சொற்கள் சேரும். அதனை அச்சிட்டுக் கடைகட்கும் கல்லூரிகட்கும் இலவயமாக வழங்க ஆகும் செலவு, இவ்வாண்டுமலர் ஒன்றன் அச்சுச் செலவினும் மிகாது.