ஊழும் உயிரின் உரிமையும்

'எல்லாம் அவன் செயல்' என்பது நம்மவர் நாவிற் பயின்ற மொழி. அதுகொண்டே, 'அங்ஙனமாயின் நாம் முயல்வது எற்றுக்கு? துன்புறுவானுக்கு உதவுதல் அவன் ஊழைத் தடுப்பதாகாதோ?' என வினவுவாரும் உளர். அதற்குச் சித்தாந்தம் தரும் விடையை ஈண்டு ஆராய்வாம்.

காரணமின்றியே காரியம் நிகழும் என்பது யதிருச்சாவாதம். நியதி ஒன்றே யாவும் நடத்தும், முயற்சியாற் பயனில்லை என்பது ஆசீவகர் கொள்கை. முன்னதில் ஒழுங்கில்லை, பின்னதில் உரிமையில்லை. இரண்டினும் அறநூல் வீணாம்.

நம் சமயமும் நியதியை உடன்படும். ஆயின் அது வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்றாகிய சடக்கருவி, செய்தான் வினைப்பயனை அவனுக்கே வரையறுப்பது, தலைவனன்று. வினையும் சடமாதலின் தானே வந்து பொருந்தாது. உயிரோ அறிவிக்க அறிவதாதலின், தன் வினைப்பயனைத் தானே அறிந்து எடுத்து நுகரமாட்டாது. ஆகலின் கூட்டுவிப்பான் இறைவன் என்பது சிவஞானபோதம் 2-ஆம் சூத்திரத்தாற் பெறப்படும்.

அற்றேல், உயிர் ஆட்டுவிக்கப்படும் பாவையேயாம் எனின், அன்று. ஞாயிற்றின் ஒளியின்றிக் கண் காணாது. ஆயினும் காண்பது கண்ணே. தீயதைக் கண்டு விரும்பிய குற்றம் ஞாயிற்றைச் சாராது. அதுபோல, இறைவன் உடனின்று உதவ, விழைதலும் அறிதலும் செய்தலும் உயிரின்பாலனவாம். பிராரத்தத்தை நுகருங்கால் எழும் விருப்பு வெறுப்புக்களே ஆகாமியத்துக்கு வித்தாதலும் இதனாலேயாம். திருவள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழையும் 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும் வற்புறுத்தியது முரணன்மையும் இதனால் விளங்கும்.

இனி, பசித்தான் ஒருவன் நம் வாயிலில் நிற்கின்றான். பசி அவனது பிராரத்தமாயின், இன்று உணவு பெறுதலும் அவனது பிராரத்தமாகலாம். அவன் வினையின் எல்லையை அறிவான் இறைவனே, நாம் அல்லேம். நம்மால் அறியப்படாத ஊழைக் காரணங்காட்டிக் கதவடைப்பின், அக்கதவடைத்தல் நமக்கு ஆகாமியமாம். ஊழ் என்னும் உணர்வு நம் துன்பத்தை நாம் பொறுத்தற்கு உரியது. பிறர் துன்பத்தை நாம் பொறுத்தற்கு உரியதன்று.

ஆகவே, 'எல்லாம் அவன் செயல்' என்பது பிழை செய்தான் ஒளியும் மறைவிடமன்று. 'யான் செய்தேன்' என்னும் முனைப்பு அற்று, 10-ஆம் சூத்திரம் உணர்த்தும் இறைபணியில் வழுவாது நின்றார்க்கே அம்மொழி உரித்தென்க. அந்நிலை எய்துங்காறும் நம் செயலுக்கு நாமே பொறுப்புடையோம் என்று கொண்டு ஒழுகுதல் கடன்.